சுவர் தாண்டிக் குறிவைத்த கை

துப்பாக்கி விளையாட்டை மூடி, கணினியையும் அணைத்த பிறகு றொஜனின் வலது கை மேசைமேல் ஓர் அங்குலம் இடப்பக்கம் நகர்ந்தது. அவன் நகர்த்தவில்லை.

முன்கையில் ஒட்டியிருந்த பட்டைகளில் மின்சாரம் மிச்சமிருக்கும் என்று நினைத்தான். முதுகுவலிக்கு மனைவி பிறேமினி வாங்கிய கருவியின் பட்டைகள் அவை. தசையைச் சுண்டி இழுக்கும். அவற்றைக் கணினியோடு இணைத்து, திரையில் எதிரியின் தலை எங்கே நின்றாலும் தன் கையை அங்கே இழுக்கவைத்திருந்தான். ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் மென்பொருளுக்கு அது வெறும் மனிதக் கை. கிடங்கு ஷிப்ட் முடித்து வரும் முப்பத்தெட்டு வயதுக்காரனை ஹெட்செட்டில் "அங்கிள்" என்று கூப்பிட்டுச் சிரித்த, கூட விளையாடும் பெடியள் எல்லாரும் ஒரு வாரமாக வாயடைத்துப்போயிருந்தார்கள்.

குறிவைக்கும் நிரல் அவன் எழுதியதல்ல. இணையத்தில் பெயரில்லாத யாரோ போட்டது. இன்று மதியம் அதன் இயந்திரக் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தபோது, 'நடுவே சுவர் இருந்தால் விட்டுவிடு' என்ற ஒரு கட்டளையைக் கண்டான். இரண்டே பைட் நீளம். அதை அழித்தான். அதன்பிறகு கை, சுவருக்குப் பின்னால் ஒளிந்தவர்களையும் தேடிப் பிடித்தது.

இப்போது பட்டைகளை உரித்தான். தோலில் இரண்டு சிவந்த சதுரங்கள். மணி நான்குதான், ஆனாலும் டிசம்பர் இருட்டு அப்டன் பார்க் தெருக்கள் முழுவதையும் மூடியிருந்தது. ஆவி படர்ந்த ஜன்னலுக்குக் கீழே பஸ்கள் பிரேக் பிடித்துக் கிறீச்சிட, கீழ்க்கடையின் மீன்வாடை படியேறி வந்து, சமையலறையில் வதங்கும் வெங்காய வாசனையோடு கலந்தது.

கை மறுபடி நகர்ந்தது. இடப்பக்கச் சுவரை நோக்கி. சுவருக்கு அப்பால் சமையலறை.

"பிறேமினி, எங்க நிக்கிறீர்?"

"அடுப்படியில. ஏனப்பா?"

"ஒண்டுமில்லை. அங்கயே நில்லும்."

கை மேசையிலிருந்து எழும்பியது. தலை உயரத்துக்கு. இடது கையால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். தோலுக்கடியில் நரம்புகள் புழுப்போல நெளிந்தன. சுட்டுவிரல் வளைந்தது. அது தேடுவது அவளுடைய தலையை. வேறு யாருமில்லையே இந்த வீட்டில்.

காலடிச் சத்தம்.

"வராதையும்!"

வந்துவிட்டாள். தேநீர்க் கோப்பையோடு, அவன் முன்னாலேயே நின்றாள்.

"என்ன கத்துறியள்? கை விறைச்சிட்டுதோ? காட்டுங்கோ பாப்பம்."

கை அவள் பக்கம் திரும்பவில்லை. அவனுக்கு மூச்சு வந்தது.

பிறகுதான் கவனித்தான். கை இன்னும் சமையலறைச் சுவரைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. நகர்ந்துகொண்டிருந்தது. மெதுவாக. கதவை நோக்கி.

"உள்ளுக்கு ஆர்?"

"ஒருத்தருமில்லையே."

கை குறிவைத்த இடம் கதவு நிலையைக் கடந்தது. அறைக்குள் வந்தது.

பிறேமினியின் தோளுக்கு மேல், இடது காதோரம், நின்றது.

விரல் காற்றில் அழுத்தியது. ஒருமுறை. மறுமுறை. விளையாட்டில் ஓர் அழுத்தலிலேயே தலை சாய்ந்துவிடும். இங்கே விரல் ஓயவில்லை. அழுத்தி அழுத்தி, நகக்கண் வெளுத்து, பிறேமினியை மெல்லச் சுற்றிவரும் எதையோ பின்தொடர்ந்து, கை அவன் பக்கமாக மடிந்துகொண்டே வந்தது.