நாற்பது சொல்லுக்குள் ஒரு சாவு

குளத்தில் பிரமீளா மிதந்துகொண்டிருந்தாள்.

முகம் கீழே... முதுகு மேலே... சேலை தண்ணீரில் உப்பிக்கொண்டு.

உத்ராடத்துச் சாயங்காலம், ஓணத்துக்கு முந்தின நாள். திருச்சூரே காய்கறிக் கடைகளில் முட்டி மோதிக்கொண்டிருந்த நேரம். ஓணக் கோலத்துக்குப் பூப்பறிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் பார்த்தாள். அவள் போட்ட அலறலில் பிரமீளாவின் புருஷன் வீடான மேலேடத்து வீட்டு வாசலில் கூட்டம் சேர்ந்தபோது மணி ஐந்தரை.

மறுநாள் திருவோணம். ஊருக்கெல்லாம் விருந்து. போலீஸுக்கு மட்டும் கிடையாது.

திருவோணத்து மத்தியானம் ஸ்டேஷனில், அந்தக் கடுப்பு சர்க்கிள் இன்ஸ்பெக்டர் ஈனாசுவின் முகத்தில் அப்படியே இருந்தது.

"தற்கொலை. முடிஞ்சு போச்சு. கிளம்புங்க டீச்சர்."

எதிரே ஹேமலதா. செத்துப்போனவளின் அக்கா. குன்னங்குளம் அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அழுது முடித்துவிட்டாள். இப்போது மிச்சமிருந்தது கோபம் மட்டும்.

"என் தங்கச்சிக்கு நீச்சல் தெரியும் சார்."

"சாகப்போறவ நீந்த மாட்டா."

"சாகணும்னு நினைச்சான்னு உங்களுக்கு யார் சொன்னா? அவ புருஷனா?"

"அவர் பூரத் திருவிழாக் கமிட்டிக் கூட்டத்துல இருந்து வந்தப்பதான் பொணத்தையே பாத்திருக்காரு. அவர் ஏன் சொல்லணும்? அவ லேப்டாப்பே சொல்லுது. எடோ சுபீஷே, காட்டுடோ."

சைபர் செல் கான்ஸ்டபிள் சுபீஷ் தொண்டையைச் செருமினான். புது விஷயம் கற்றுக்கொண்டவனின் பெருமை அவன் குரலில் தெரிந்தது.

"லேப்டாப்ல இருக்கிற எழுத்து ஃபைல் மொத்தத்தையும் எண்ணிட்டேன் டீச்சரே. 'மரணம்'ங்கிற வார்த்தை மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம். சாதாரண மனுஷங்க கம்ப்யூட்டர்ல அம்பது இருந்தாலே ஜாஸ்தி..."

ஹேமலதா அவனைப் பார்க்கவில்லை. ஈனாசுவைப் பார்த்தாள்.

"அவ என்ன வேலை பாத்தா சார்?"

"பத்திரிகைல சப் எடிட்டர்."

"எந்தப் பக்கம்?"

ஈனாசு சுபீஷைப் பார்த்தார். சுபீஷ் ஃபேனைப் பார்த்தான்.

"சரமப் பக்கம் சார். சாவு அறிவிப்புப் பக்கம். இந்த ஜில்லாவுல யார் மண்டையைப் போட்டாலும் அவ கை வழியாத்தான் பேப்பருக்குப் போகணும். அவ கம்ப்யூட்டர்ல மரணம் இல்லாம மாங்கா ஊறுகாயா இருக்கும்? இதை வச்சா கேஸை மூடுறீங்க?"



ஈனாசுவுக்கு ரோஷம் வந்தது. தப்பு செய்தவர்களுக்குத்தான் அது முதலில் வரும்.

"போஸ்ட்மார்ட்டம் ஆயிடுச்சு. தண்ணி குடிச்சுதான் செத்திருக்கா."

"தானா குடிச்சாளா, தலையை அமுக்கிக் குடிக்க வச்சாங்களா? அதை எழுதியிருக்கா அதுல? ரெண்டு மணிக்கு எரிக்கப் போறாங்க சார். எரிச்சிட்டா நான் எதைக் காட்டி யார்கிட்டக் கேக்குறது? சாம்பல் கிட்டயா?"

"அப்ப ஏதாவது காட்டுங்க! பன்னெண்டரை ஆச்சு. ரெண்டு மணிக்குள்ள காட்டுனா நிறுத்தறேன். இல்லேன்னா வீட்டுக்குப் போய் அழுங்க."

ஹேமலதா நாற்காலியை இழுத்துப் போட்டாள். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

கறுப்புத் திரை. வெள்ளை எழுத்து. விரல்கள் பாய்ந்தன.

"முதல்ல ஆபீஸ் ஃபோல்டரை ஒதுக்கறேன். மத்தவங்க சாவு எனக்கு வேண்டாம். அவ தனக்காக எழுதினதை மட்டும் எடுக்கறேன். சொல்லைத் தனித்தனியா உடைச்சு, அடுக்கி, எது எத்தனைன்னு எண்ணி, பெருசுலேர்ந்து சின்னது. பாருங்க."

திரையில் பட்டியல் விழுந்தது. 'அது', 'இது', 'ஆனால்' என்ற சில்லறைகளைத் தள்ளினாள். மேலே நின்றவை நாலு சொற்கள்.

கோழிக்கோடு. வாடகை. ஜன்னல். விவாகரத்து.

"மரணம்?" என்றார் ஈனாசு.

"ஒண்ணுகூட இல்ல. கோழிக்கோட்டுல ஜன்னல் வச்ச வீடு தேடியிருக்கா சார், என் தங்கச்சி. போன மாசம் அவ புருஷன் சுகதேட்டனுக்கு வக்கீல் நோட்டீஸும் போயாச்சு. சாகப்போறவளுக்கு ஜன்னல் எதுக்கு?"

ஈனாசு நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். ஆனாலும் விடவில்லை.

"புருஷனை விட்டுப் போறப்ப மனசு உடையாதா? சில பேர் தன் சாவுச் செய்தியைத் தானே எழுதி வச்சிட்டுப் போவாங்க. தினமும் அதையே எழுதுறவளுக்கு அது பெரிய காரியமா?"

"அதையும் பாத்துட்டேன் சார்," என்று சுபீஷ் முந்திக்கொண்டான். "ஆபீஸ் ஃபோல்டர்ல பிரமீளாங்கிற பேரைத் தேடினேன். எல்லா ஃபைல்லயும் ஒண்ணு ஒண்ணுதான். மகள் பிரமீளா, மருமகள் பிரமீளா... ஊர்ல பாதிப் பேருக்கு அதான் பேரு."

"எப்படி எண்ணினே?"

"கிரெப்னு தேடுற கட்டளை போட்டு, எண்ணிக்கைக்குக் கூட ஒரு சி."

ஹேமலதா கண்ணை மூடித் திறந்தாள்.

"அந்த சி வரியைத்தான் எண்ணும். சொல்லை எண்ணாது. ஒரே வரியில பத்துத் தடவை பேர் இருந்தாலும் ஒண்ணுன்னுதான் சொல்லும். மெயில்ல வர்ற சாவு அறிவிப்பு முழுக்க ஒரே நீள வரி. எவன் எண்டர் தட்டித் தட்டி அழுவான்?"

சுபீஷின் முகம் சுண்டியது.

அவள் திரும்ப எண்ணினாள். இந்த முறை சொல் சொல்லாக. ஃபைல் ஃபைலாக. ஒன்று... ஒன்று... ஒன்று... எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு ஃபைல்.

நான்கு.

ஃபைலின் பெயரே அது வந்து சேர்ந்த நேரம்தான். அந்தப் பக்கத்துக்கு வரும் மெயிலை பிரமீளாவின் மெஷினும் தானாக இறக்கி, தானாகப் பெயர் வைக்கும். நேற்றைய தேதி. பிற்பகல் மூன்று நாற்பது.

திறந்தாள்.

'மேலேடத்து வீட்டில் பிரமீளாதேவி காலமானார்...'

 ஈனாசு துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா! மூணு நாப்பது! பொணத்தைப் பாத்தது அஞ்சரை. சாகறதுக்கு முன்னாடியே எழுதி அனுப்பியிருக்கா. நான் சொன்னேனா இல்லியா?"

தங்கையின் சிதைக்குத் தானே விறகு எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.  ஆனால் விரல் நிற்கவில்லை. ஃபைலில் மொத்தம் எத்தனை சொல் என்று கேட்டாள்.

எழுபத்து மூன்று.

"இதை அவ எழுதல," என்றாள் மெதுவாக.

"எப்படிச் சொல்றீங்க?"

"நாப்பது சொல்லு. அந்தப் பக்கத்துல அதான் அளவு. எங்க அப்பா செத்தப்பகூட நாப்பதுலதான் போட்டா. சித்தப்பா பேரை வெட்டினான்னு சித்தப்பா இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்டுப் படி மிதிக்கல. அவளா எழுபத்து மூணு எழுதுவா? இந்தாங்க, இந்த ஃபைலை மட்டும் எண்ணறேன். பிரமீளா நாலு. சுகதன்..."

அவள் நிறுத்தினாள்.

"சுகதன் ஏழு. 'பூரக் கமிட்டிச் செயலாளர்', 'நூலகத் தலைவர்', 'சமூகப் பணியாளர்'... செத்தது யாருன்னே சந்தேகம் வருது சார்."

ஈனாசு குனிந்து படித்தார். திரும்பவும் படித்தார். முதல் முறையாக அவர் குரல் இறங்கியது.

"யார் அனுப்பினதுன்னு இருக்கா?"

"இல்ல. அனுப்பினவர் பேர் இருக்கிற தலைப்பை மெஷின் வெட்டிடும், சரக்கை மட்டும்தான் எடுக்கும். ஆபீஸ்ல கேக்கலாம்னா ஓண லீவு."

"அப்ப இது கோர்ட்டுல நிக்காது டீச்சர். அவன் இல்லேன்னு சொன்னா முடிஞ்சது."

வாசலில் கார் வந்து நின்றது.

ஜரிகைக் கரை போட்ட கசவு வேட்டி, சந்தனக் கீற்று, அக்குளில் மடித்த பத்திரிகையுடன் சுகதன் உள்ளே வந்தான்.

"ஹேமே, இங்க என்ன பண்றே? அக்கா எங்க அக்கா எங்கன்னு வந்தவங்கெல்லாம் கேக்குறாங்க. எனக்குத்தான் அவமானம். எழுந்திரு."

ஹேமலதா வாயைத் திறக்கப்போனாள். ஈனாசு மேஜைக்கடியில் கையசைத்து அடக்கினார்.

"உக்காருங்க சார், ஒரு கையெழுத்து பாக்கி," என்றார் தேன் தடவிய குரலில். "இன்னிக்குப் பேப்பர்ல சாவு நோட்டீஸ் பாத்தேன். நல்லா வந்திருக்கு."

"என்ன நல்லா வந்திருக்கு?" சுகதன் பத்திரிகையை மேஜையில் அறைந்தான். "பாதியைக் காணோம் சார்! கொச்சியில உக்காந்து பக்கம் போடுற பசங்களுக்கு மேலேடத்து வீடுன்னா என்னன்னு தெரியுமா? கண்டபடி வெட்டி வச்சிருக்கானுங்க."

"அடடா. நீங்க என்ன எழுதி அனுப்பினீங்க?"

அவன் சொன்னான். நிறுத்தாமல், ஒப்பிப்பதுபோல. கமிட்டி, நூலகம், சமூகப் பணி, பாட்டனார் கட்டிய கோயில் மதில் வரைக்கும்.

சுபீஷின் விரல் திரையில் சொல் சொல்லாக நகர்ந்தது. கடைசிச் சொல்லில் வந்து நின்றது. தலையசைத்தான்.

"எல்லாம் நீங்களே எழுதினதா?"

"பின்னே? வேற யாருக்கு இந்த மாதிரி எழுத வரும்?"

"எப்ப சார் அனுப்பினீங்க?"

"பொணத்தைக் கரையேத்தினதும். ஆறு... ஆறரை இருக்கும்."

"பக்கத்தை நாலு மணிக்கு மூடிடுவாங்க," என்றாள் ஹேமலதா. "ஆறரைக்கு அனுப்பினது இன்னிக்குப் பேப்பர்ல எப்படி வந்துச்சு? லீவுல இருந்தாலும் என் தங்கச்சி அதை எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருப்பா. உங்ககிட்டயும் சொல்லியிருக்கா."

ஈனாசு லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினார்.

மூன்று நாற்பது.

சுகதன் அதைப் பார்த்தான்.  

"அஞ்சரைக்குக் கிடைச்ச பொணத்துக்கு மூணு நாப்பதுக்கே நோட்டீஸா? என்னய்யா அவசரம் உனக்கு?"

"ஓணத்துக்கு மறுநாள் பேப்பர் கிடையாது..." அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நேத்து நாலு மணியை விட்டா மூணாம் நாள்தான் வரும். மேலேடத்து வீட்டுச் சாவுக்கு ஆள் வராம எரிச்சா ஊர் சிரிக்குமே சார்..."

ஈனாசு எழுந்து அவன் முன்னால் வந்து நின்றார்.

"விவாகரத்துன்னு கோர்ட்டுக்கு இழுத்தா என் மூஞ்சி என்னாகும்? நூறு தடவை சொன்னேன். கேக்கல. பெண்டாட்டி ஓடிப்போனவன்னு ஊர் பேசறதுக்கு, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன்னு பேசட்டும்னு... தலையை அமுக்கிப் பிடிச்சேன்."

அறை விழுந்தது. ஹேமலதாவின் ஐந்து விரலும் அவன் கன்னத்தில் பதிந்தன. யாரும் தடுக்கவில்லை. இரண்டாவதும் விழுந்தது. அதையும் யாரும் தடுக்கவில்லை.

"பாவி! ஒரு ஜன்னல்தான்டா கேட்டா அவ!"

ஈனாசு போனை எடுத்தார். மேலேடத்து வீட்டுக் காவலில் நின்ற ஏட்டு எடுத்தார்.

"கொள்ளி வைக்கக் கூடாது. பாடியை மறுபடி மெடிக்கல் காலேஜுக்கு ஏத்து. யாராவது தடுத்தா அவனையும் சேத்து ஏத்து."

வைத்துவிட்டு ஹேமலதாவைப் பார்த்தார். பார்வை நிற்கவில்லை, தரைக்கு இறங்கியது.

"டீச்சர்... முதல்லயே உங்க பேச்சைக் கேட்டிருக்கணும். தப்புதான்."

"என் தங்கச்சியைத் தற்கொலைன்னு எழுதின தாளை என் கண்ணு முன்னாடி கிழிங்க சார். அது போதும்."

கிழித்தார்.

அவள் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதற்கப்புறம்தான் மறுபடி அழுகை வந்தது. சுபீஷ் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தான்.

விலங்கு மாட்டும்போது சுகதன் கேட்டான். "சார்... இது பேப்பர்ல வருமா?"

"வராம?" என்றார் ஈனாசு. "போட்டோவுக்குக்கூட நீ அலைய வேண்டாம். நாங்களே எடுத்துத் தர்றோம். நேரா ஒண்ணு... சைடுல ஒண்ணு."