உள்ளே இருந்தவருக்கு அவசரமில்லை

மீன் ஏற்றுமதி செய்யும் அந்தப் பழைய தொழிற்சாலைக்கு மெக்கானிக் வந்து சேர்ந்தபோது சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சுமை தூக்குகிறவர்கள் கையைக் கழுவிக்கொண்டு கேன்டீன் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவன் மட்டும் நின்றான்.

"குளிரறை மின்விசிறி கத்துதுண்ணே. சாப்பிட்டு வந்து பாக்கலாமே?"

"நீ போய்ச் சாப்பிடு. நான் சத்தத்தை மட்டும் கேட்டுட்டு வந்துடறேன்."

நல்ல வேலைக்காரர்தான். ஆனால் எதையும் தள்ளிப்போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் மனைவி இயேசுவை ஏற்றுக்கொண்டு பல வருஷமாகிறது. "நீங்களும் வாங்களேன், நாளைக்குங்கறது நம்ம கையிலயா இருக்கு?" என்று அவள் கேட்காத நாளில்லை. இவரும் மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆண்டவர் இருக்கிறார் என்று நம்பினார், தான் பாவி என்பதும் அவருக்குத் தெரியும். "வர்றேன்டி, கொஞ்ச நாள் போகட்டும்" என்பார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அன்று காலையும் அவள் கண் கலங்கக் கேட்டாள், அன்றும் நழுவிவிட்டுத்தான் வந்திருந்தார்.

விசிறியின் பேரிங் எங்கே உரசுகிறது என்று காதால் கண்டுபிடிக்க வேண்டுமானால் கதவை மூடியாக வேண்டும். திறந்திருந்தால் வெளியே ஓடும் கம்ப்ரசரின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். குளிரறைக்குள் போகிறவர்கள் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுப் போவது அங்கே வழக்கம். மெக்கானிக் அந்தக் கட்டையைக் காலால் தள்ளிவிட்டு, தானே கதவை இழுத்துச் சாத்தினார்.

காது கொடுத்துக் கேட்டார். இடது பக்க விசிறிதான். திரும்பி வந்து, உள்ளிருந்து திறக்கும் குமிழை அழுத்தினார்.

அது அசையவில்லை.

கதவு ரப்பரில் பனி பிடிக்காமல் சூடாக வைத்திருக்கும் கம்பி போன தடவையே எரிந்துபோயிருந்தது, அதனால் கதவு பனியில் இறுகி ஒட்டிக்கொண்டது. அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னவர் வேறு யாருமில்லை, இவர்தான். தோளால் முட்டினார், ஸ்பேனரால் தட்டினார், தொண்டை கிழியக் கத்தினார். ஒரு சாண் தடிமனுள்ள அந்தக் கதவைத் தாண்டி எதுவும் போகவில்லை. மேலே ஒற்றை பல்பு மங்கலாக எரிந்தது. சுற்றிலும் கூரை வரை மீன் பெட்டிகள், ஈர அட்டையின் நாற்றம், விசிறியின் முனகல்.

"எதுக்குப்பா கத்தற?"

பெட்டிகளின் இடுக்கில் ஒருவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சு வைத்த பழைய கோட்டு போட்டிருந்தார். மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நீங்க எப்ப உள்ள வந்தீங்க?"

"இப்பத்தான். உக்காரு. திறப்பாங்க. அவசரமில்லை."

குரலில் அப்படியொரு கனிவு. மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுக்கம் மெல்ல நின்றது. உடம்பு கதகதப்பாகக்கூட இருந்தது, கண்ணைச் சொருகியது. உறைகிற குளிரில் உடம்பு சுடுவது எதற்கு அடையாளம் என்று அந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். மனைவியின் கலங்கிய கண்கள் ஞாபகத்துக்கு வந்தன.

"நான் போயிடுவேன் போலிருக்குங்க," என்று கிசுகிசுத்தார். "ஆண்டவரைக் கூப்பிடணும்."

"கூப்பிடலாமே, யாரு வேண்டாம்னா? நானும் கூப்பிடத்தான் போறேன். கொஞ்சம் கண்ணசந்துட்டுக் கூப்பிடலாம்."

பேசும்போது மெக்கானிக்கின் வாயிலிருந்து மூச்சு புகையாக வந்தது.

பக்கத்தில் இருந்தவர் வாயிலிருந்து வரவில்லை.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். அந்த மனிதரின் கால்களும் கோட்டின் விளிம்பும் தரைப் பனிக்குள் புதைந்திருந்தன. கல்லாகக் கெட்டித்துப் பழுப்பேறிப்போன பனி. இன்று நேற்று பிடித்ததல்ல.

இப்பத்தான் வந்தேன் என்றாரே.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

செத்தவரைக் கண்ட பயத்தைவிட அந்த நினைப்புதான் மெக்கானிக்கின் குலையை நடுங்க வைத்தது. தானும் இப்படித்தான் இங்கே உட்கார்ந்திருக்கப்போகிறோம், இன்னும் நேரம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே. எழப் பார்த்தார். கால் வரவில்லை.

முழங்கால்மேல் ஒரு கை வந்து விழுந்தது.

"உக்காருப்பா. நேரம் நிறைய இருக்கு."

நாக்கு மரத்திருந்தது. இருந்தும் அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக் கத்தினார்.

"இயேசப்பா! நான் பாவி. தள்ளிப்போட்டது போதும். இப்பவே வந்துட்டேன், இப்பவே என்னை ஏத்துக்கோங்க!"

கை விலகியது.

கதவு திறக்கவில்லை, குளிரும் குறையவில்லை. ஆனால் இனி திறக்காவிட்டாலும் போகுமிடம் தெரியும் என்று ஒரு நிம்மதி நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அப்படியொரு நிம்மதியை அவர் அதுவரை அனுபவித்ததில்லை, குழந்தைபோல அழுதார்.

கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தவன் நெட்டை. "பை வெளிய கிடக்கு, ஆளைக் காணோமேன்னு வந்தேண்ணே," என்று சொல்லிக்கொண்டே அவரை இழுத்துவந்து வெயிலில் போட்டான், சாக்கால் போர்த்தினான்.

"உள்ள ஒருத்தர் இருக்காருடா."

"யாருமில்லண்ணே. மூலை முடுக்கெல்லாம் பாத்துட்டேன்."

மெக்கானிக் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நெட்டை, என்னை மாதிரி இருந்துடாதடா. ஆண்டவர்கிட்ட வந்துடு. நாளைக்கில்ல, இப்பவே."

நெட்டை சிரித்தான். நல்ல பையன், மனம் நோகப் பேசத் தெரியாதவன். "சரிண்ணே, வர்றேன். முதல்ல நீங்க தேறுங்க. லாரி வந்துடும், பெட்டியை எடுக்கணும். அப்புறம் ஆற அமரப் பேசலாம்."

கட்டையைக் கதவிடுக்கில் இறுக்கமாகச் செருகிவிட்டு உள்ளே போனான். அவனைத் தடுக்க எழுந்த மெக்கானிக் சாக்கோடு தரையில் விழுந்தார்.

திறந்த கதவு வழியே குளிர் புகையாக வழிந்துகொண்டிருந்தது. கம்ப்ரசரின் இரைச்சலையும் மீறி அந்தக் கனிவான குரல் தெளிவாகக் கேட்டது.

"உக்காருப்பா. அவசரமில்லை."

அதற்கு நெட்டை பதில் சொன்னதும் கேட்டது.

"அதானே. என்ன அவசரம்?"