நிரப்பிய மண்

ஹாலின் நடுவில் ஒரு டைல்ஸ் மட்டும், உள்ளே காலியாக இருப்பதுபோல் ஒலித்தது. கிருகப்பிரவேசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டைல்ஸ் ஒட்டிய மேஸ்திரியை மனதுக்குள் கண்டபடி திட்டிக்கொண்டே குணாளன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு ரூபாய் நாணயத்தால் மறுபடி தட்டிப் பார்த்தான். டொக், டொக். கையை எடுத்தான். கீழேயிருந்து பதில் வந்தது. டொக், டொக்.

எலி என்று சொல்லிக்கொண்டான். ஆரம்பாக்கத்தில் வயலை ஒட்டிய வீடு, எலி இல்லாமல் இருக்குமா? நாலு வயது சத்யாவுக்கோ குஷி தாங்கவில்லை. அப்பன் கையிலிருந்த நாணயத்தைப் பிடுங்கி, தட்டுவதும் தரையில் காதை வைத்துக் கேட்பதும் சிரிப்பதுமாக இருந்தாள்.

"நைனா, உள்ள யாரோ கீறாங்க. திருப்பித் தட்றாங்க!"

அவளுடைய அம்மா புவனேஸ்வரி கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போயிருந்தாள், இரண்டாவது ஷிப்ட். அவள் வரும்வரை பிள்ளை இவன் பொறுப்பு. நாணயத்தைக் கைக்குள் மூடிக்கொண்டே சத்யா உள்ளறையில் பாயில் தூங்கிப்போனாள்.

பொழுது சாய்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது, கரண்ட்டும் போனது. ரயில் பாதைப் பக்கம் தவளைகள் இரைவதும் மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதும் தவிர வேறு சத்தமில்லாத இருட்டில், புது பெயிண்ட் வாசனைக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை மெல்ல மெல்ல எழுந்து, ஈர மண்ணும் மக்கிய உமியுமாக, வெகுநாள் மூடிவைத்த பானையைத் திறந்ததுபோல் ஹாலை நிறைத்தது.

அந்த வாசனை அவனுக்குத் தெரியும்.

கம்பெனிகளுக்கும் வீட்டு மனைகளுக்கும் கிராவல் மண் அடிப்பது அவன் தொழில். போன கோடையில் ஒரு நாள், மண் வெட்டும் குழியில் ஜேசிபி ஓட்டும் சின்னதுரை பாதியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிட்டான்.

"ணா, இங்க வந்து பாரு. இன்னாமோ தொட்டி மாரி கீது, காலெல்லாம் வச்சி. உள்ள எலும்புணா. கொழந்த எலும்பு."

எட்டிப் பார்த்ததுமே குணாளனுக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் அருங்காட்சியகத்தில் பார்த்ததுதான். சிவந்த சுடுமண் பெட்டி, அடியில் இரண்டு வரிசையாகக் கட்டைக் கால்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே வாழ்ந்தவர்கள் செத்தவர்களை இதில் வைத்துப் புதைத்தார்கள் என்று வாத்தியார் சொன்னார். இது சின்னப் பெட்டி, ஜேசிபி பட்டு மூடி பெயர்ந்திருந்தது. விரல் பருமனில் எலும்புகள். பக்கத்தில் ஒரு குட்டிக் கிண்ணம், அதில் மக்கிய உமி. பிள்ளைக்குப் பசிக்குமே என்று யாரோ வைத்தது.

வெளியே தெரிந்தால் அதிகாரிகள் வருவார்கள், குழியில் வேலை நின்றுவிடும்.

"உள்ள ஒண்ணும் இல்லடா. வெறும் மண்ணு. ஒடைச்சி ஏத்து."

ஜேசிபியின் பல் இறங்கியது. ஓடு நொறுங்கியது. எலும்பு மாவானது. அந்த லோடு வேறெங்கே போனாலும் யார் கண்ணிலாவது படும் என்று, கட்டிக்கொண்டிருந்த தன் வீட்டுப் பேஸ்மெண்டிலேயே கொட்டி, தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டான்.

இப்போது தரைக்கு அடியில் சத்தம் நகர்ந்தது. தொப், தொப், தொப். எலியில்லை. கட்டை கட்டையாக நிறையக் கால்கள். ஹாலிலிருந்து சமையலறைக்கு. அங்கிருந்து உள்ளறைக்கு. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஹாலுக்குத் திரும்பியது. நடையில் இப்போது கனம் கூடியிருந்தது.

"சத்யா!"

பாய் காலி. போர்வையில் இன்னும் சூடு இருந்தது. வாசல் கதவு உள்ளே தாழ் போட்டபடியே இருந்தது.

டிங், டிங்.

ஹாலின் நடுவில். தரைக்கு அடியில். நாணயத்தின் சத்தம்.

கொல்லையிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தான். டைல்ஸ் சிதறியது. சிமெண்ட். மண். கையால் வாரினான். அதன் அடியில் சிவப்பு.

துண்டுகள் இல்லை. முழுப் பெட்டி. ஒரு கீறல்கூட இல்லை.

மூடியைத் தேடினான். பெட்டியோடு சேர்த்தே சுட்டிருந்தது. நகம் பிய்ந்தது. விளிம்பைப் பிடித்து இழுத்தான். கால்கள் வேர்விட்டதுபோல் அசையவில்லை.

"நைனா, இருட்டா கீது."

"நைனா வந்துட்டேன்டா! அழாத!"

உடைத்தால்தான் உண்டு. ஓங்கினான். மூடிக்கு அடியிலேயே, ஒரு விரல் இடைவெளிகூட இல்லாமல், அவள் முதுகு உரசும் சத்தம் கேட்டது. கை நின்றது. போன முறை உடைத்தபோது உள்ளே இருந்தது என்ன ஆனது என்று அவன் கண்ணால் பார்த்திருக்கிறான்.

சத்யா அழுதாள். அவள் அழுகைக்குப் பக்கத்தில், அதே பெட்டிக்குள், இன்னொரு பிள்ளைக் குரல். அழவில்லை. அவன் சொன்னதையே சொன்னது.

"உள்ள ஒண்ணும் இல்லடா. வெறும் மண்ணு. ஒடை."

கடப்பாரை தலைக்கு மேல் நின்றது. உள்ளே நாணயம் தட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக. இன்னும் மெதுவாக.