மிதித்தால் நிற்காது!

போன் அலறியது.

அவன் எடுக்கவில்லை.

மேஜை மேல் கிடந்த செல்போன், சிந்தியிருந்த பிளாஸ்டர் பொடியில் கோடு போட்டபடி அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. திரையில் 'டீச்சர்' என்று மின்னியது. கட்டின மனைவியை அப்படித்தான் பதிவு செய்து வைத்திருந்தான்.

அவன் செயற்கைப் பல் செய்பவன். ஊரில் பாதிப் பேர் சிரிப்பதே அவன் கைங்கர்யத்தில்தான். அதனால் அவன் பெயரே பல்செட் என்றாகிவிட்டது.

பல்செட் கையைக் கட்டிக்கொண்டு போனையே பார்த்தான்.

'சரிவுல இறங்கியிருப்பா. மிதிச்சிருப்பா. பெடல் பொசுக்குன்னு தரையைத் தொட்டிருக்கும்... ப்ரேக் பிடிக்கலைங்கன்னு கதறத்தான் கூப்பிடறா!'

போன் நின்றது.

மறுபடி அடித்தது. மறுபடி நின்றது.

"கத்திட்டுப் போ!" என்றான், போனிடம்.

பாதி முடிந்த கீழ்த்தாடை ஒன்றை எடுத்து, கடைவாய்ப் பல்லை அரத்தால் தேய்க்க ஆரம்பித்தான். கை நடுங்கவேயில்லை. அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அடுத்த போன் தெரியாத எண்ணிலிருந்து வந்தது. அள்ளி எடுத்தான்.

"ஹலோ... வெள்ளைக் கலர் கார், உங்க பேர்லதானே இருக்கு?"

"ஆமா... நீங்க?"

"இன்ஸ்பெக்டர் பேசறேன். மனசைத் திடப்படுத்திக்கோங்க. உங்க கார் சரிவுல ப்ரேக் பிடிக்காம, கீழ நின்ன லாரியில மோதிடுச்சு. ஓட்டிட்டுப் போனவங்க ஸ்பாட்லேயே போயிட்டாங்க."

"ஐயோ...! என் பொண்டாட்டி...!"

"சார், ஒரு நிமிஷம்... நான் சொல்றதை..."

"ஐயோ, நான் என்ன பண்ணுவேன்...! இதோ வரேன் சார்!"

போனைத் துண்டித்தான். அழுகை அங்கேயே நின்றது. தண்ணீர் குடித்தான். பிறகு இன்னொரு எண்ணைத் தட்டினான்.

பல் கிளினிக் ஒன்றின் ரிசப்ஷனிஸ்ட் அவள். பல்செட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் மனசையும் கொடுத்துவிட்டு வந்திருந்தான். 'நான் வேணும்னா அவ இருக்கக் கூடாது' என்று அவள் சொன்னதை அவன் அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டான்.

"முடிஞ்சிடுச்சு" என்றான்.

"நிஜமாவா?" அவள் குரல் தாழ்ந்தது. "கஷ்டப்பட்டிருப்பாளா?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான். இப்ப எங்க?"

"பிணவறைக்குக் கிளம்பறேன். அழணும்."

"ஓவரா பண்ணித் தொலைக்காதே! முகம் கழுவாம போ. மேல அந்தப் பொடி ஒட்டியிருக்கட்டும். வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்த மாதிரி இருக்கும்."

"உனக்கு மூளை ஜாஸ்தி."

"அதான் உன்னைப் பிடிச்சேன்!" என்று சிரித்தாள்.

*

உண்மையைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பல்செட்டின் கோபம் நியாயமான கோபம்தான்.

ஆசை ஆசையாய் வாங்கிய புது கார். எப்போதாவது ஒரு தடவை ப்ரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அடுத்த மிதியில் சரியாகிவிடும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனால், அங்கே மட்டும் அது சமர்த்தாய் நடந்துகொள்ளும்!

சர்வீஸ் மேனேஜருக்கு எந்நேரமும் சிரித்த முகம். கழுத்தில் டை.

"செக் பண்ணியாச்சு சார். எந்தக் குறையும் இல்ல. நார்மல்தான்."

"பெடல் உள்ள போகுதுய்யா!"

"புது வண்டி இல்லையா சார்... உங்க காலுக்கு இன்னும் பழகல."

"காலுக்குப் பழகறதுக்கு அது என்ன செருப்பா?"

"ஜோக் நல்லாருக்கு சார்! காபி சொல்லட்டுமா?"

ஒருநாள் அங்கே சோபாவில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் அதே மாடல் கார். எழுந்து வந்து மேனேஜரிடம் கையைக் கூப்பினார்.

"தம்பி... ப்ரேக் பிடிக்காம சுவத்துல போய் முட்டிடுச்சு. என் சம்சாரத்துக்குத் தலையெல்லாம் தையல். இப்ப என்னையே யாருன்னு கேக்கறா..."

மேனேஜர் பவ்யமாய்க் குனிந்தார். சிரிப்பு மாறவில்லை.

"ஐயா, வாரண்டி வண்டிக்குத்தான். தலைக்கு இல்லீங்களே!"

பெரியவர் சத்தமில்லாமல் அழுதார். மேனேஜர் டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு அடுத்த கஸ்டமரிடம் போனார்.

பார்த்துக்கொண்டிருந்த பல்செட்டுக்கு நெஞ்சு கொதிக்கவில்லை. பொறி தட்டியது!

'இந்தக் கார் யாரைக் கொன்னாலும் பழி கம்பெனி மேலதான்...'

அன்றிலிருந்து அவன் கோபம் நாடகமாகிவிட்டது. போன வாரம் சர்வீஸுக்குக் காரை விடப் போனபோது, அங்கேயே இருந்த ஷோரூமின் நடுக்கூடத்தில் நின்று, கண்ணாடிச் சுவர் அதிரக் கத்தினான்.

"என் பொண்டாட்டி தினமும் இதுலதான்யா ஸ்கூலுக்குப் போறா! நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆச்சு... நீதான்யா கொலைகாரன்! எல்லாரும் கேட்டுக்கோங்க!"

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருத்தர் போனில் படம் பிடித்தார். இதைவிட வேறென்ன வேண்டும்?

மாலையில் கார் திரும்பி வந்தது. "குறை எதுவும் இல்ல சார்" என்ற அதே சிரிப்புடன்.

'இருக்கட்டும். குறை நான் வைக்கிறேன்' என்று நினைத்துக்கொண்டான்.

இன்று காலை டீச்சர் குளிக்கப் போன நேரத்தில் காருக்கடியில் புகுந்தான். ப்ரேக் ஆயில் போகும் குழாயின் நட்டு. முழுக்கக் கழற்றக் கூடாது. கசிய வேண்டும். தெருவைத் தாண்டும்வரை பிடிக்க வேண்டும். சரிவில் கைவிட வேண்டும்.

பிறகு பைக்கில் ஏறும்போது, "பாத்துப் போம்மா" என்றான். வாய் கூசாமல்!

*

பிணவறை வாசலில் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். பக்கத்தில், நீல யூனிஃபார்மில் சர்வீஸ் சென்டர் ஃபோர்மேன்.

பல்செட் ஓடி வந்தான். தலையிலும் சட்டையிலும் வெள்ளைப் பொடி. வாசற்படியில் தடுக்கி விழுந்தான். அது மட்டும் நடிப்பில்லை.

"எங்க சார் அவ...? என் கண்ணு எங்க சார்...?"

"சார், பதறாதீங்க. போன்லயே சொல்ல வந்தேன், நீங்கதான்..."

"நான் பாக்கணும்! இப்பவே பாக்கணும்!"

இன்ஸ்பெக்டரைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். இரும்புக் கட்டில். வெள்ளைத் துணி. அதன் மேல் விழுந்து அலறினான்.

"என்னை விட்டுட்டுப் போயிட்டியே... உன் கையால சாப்பிட்ட நாக்கு இனி யார் கையால சாப்பிடும்...!"

துணியை விலக்கினான்.

டை!

கழுத்தில் கோணலாய் இறுகிய டை. அதற்கு மேலே, முன்பல் உடைந்தும் இன்னும் சிரிக்கிற மாதிரியே இருந்த முகம்.

சர்வீஸ் மேனேஜர்!

பல்செட்டின் ஒப்பாரி பாதியில் அறுந்தது.

"என்னங்க...?"

பின்னாலிருந்து குரல். திரும்பினான்.

டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். உயிரோடு! முழுசாக!

"எனக்காகவா இப்படி அழறீங்க?" அவள் கண்கள் கலங்கின. "நீங்க என்கிட்ட பேசியே எத்தனை நாளாச்சு... இவ்வளவு பாசத்தை எங்க வெச்சிருந்தீங்க?"

"நீ... நீ எப்படி...?"

"தெரு முனையிலேயே பெடல் ஒரு மாதிரி இருந்துச்சுங்க. உங்களுக்குப் போன் பண்ணேன், நீங்க எடுக்கல. சரிவுல இறங்க பயந்து, மெதுவா நேரா ஷோரூமுக்கே விட்டுட்டேன். அவ்வளவு கத்தினீங்களே, ஒருத்தரும் கேக்கலையே... இன்னிக்கு உங்களுக்காக நான் கத்தறதுன்னு முடிவு பண்ணேன்."

"அப்புறம்?"

"மேனேஜர் சிரிச்சாரு. 'மேடம், இனிமே இந்த வண்டியில ப்ரேக் ப்ராப்ளம் வரவே வராது. நானே ஓட்டிக் காட்டறேன்'னாரு. நானும் ஏறப் போனேன். 'நீங்க உக்காருங்க, காபி வரும்'னு சொல்லிட்டுத் தனியா போனாரு. சரிவுல வேகமா விட்டு, சட்டுனு நிறுத்திக் காட்டறதுதான் அவர் வழக்கமாம்." அவள் முகத்தை மூடிக்கொண்டாள். "காபி வர்றதுக்குள்ள சத்தம் கேட்டுதுங்க..."

பல்செட் மூச்சை இழுத்து விட்டான். மூளை படபடவென்று வேலை செய்தது.

போகட்டும். இவள் இன்னொரு நாள். பழி எப்படியும் கம்பெனி மேலதான்!

உடனே மாறினான்.

"பாத்தீங்களா சார்!" என்று இன்ஸ்பெக்டரிடம் சீறினான். "தலைதலையா அடிச்சுக்கிட்டேன், ப்ரேக் சரியில்ல, ப்ரேக் சரியில்லைன்னு! அந்தக் குறைதான் இவரையே தூக்கிடுச்சு! காரைப் பிரிச்சுப் பாருங்க சார், தெரியும்!"

"பிரிக்க வேண்டிய அவசியமே வரல. லாரியே பிரிச்சிடுச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "ஃபோர்மேன், என்கிட்ட சொன்னதை இவர்கிட்டயும் சொல்லுங்க."

ஃபோர்மேன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"சார்... உங்க வண்டியில அந்தக் குறை இல்ல சார்."

"செத்தும் அதே பாட்டா?"

"இல்ல சார். குறை இருந்தது. போன வாரம் நீங்க கத்திட்டுப் போனதும் மேனேஜர் பயந்துட்டாரு. ப்ரேக் மொத்தத்தையும் கழட்டிப் புதுசு போடச் சொன்னாரு. போட்டோம். ஆனா போட்டோம்னு சொல்லக் கூடாதுன்னாரு."

"ஏன்?"

"சொன்னா, இந்த மாடல் வாங்கின எல்லாரும் வந்து நிப்பாங்களே சார்! கத்தறவங்களுக்கு மட்டும் சத்தமில்லாம மாத்திடுவோம்."

பல்செட் திக்பிரமை பிடித்து நின்றான்.

சாட்சிக்காகப் போட்ட கூச்சல்... காரையே ரிப்பேர் செய்துவிட்டது!

"அப்ப அந்தப் பெரியவர்...?" என்று அவன் வாய் தானாகக் கேட்டது.

"அவர் கத்தல சார். அழுதாரு" என்றார் ஃபோர்மேன், தலையைக் குனிந்துகொண்டு. "அழறவங்களுக்கு மாத்தறதில்ல."

"குறையில்லாத புது ப்ரேக்" என்றார் இன்ஸ்பெக்டர் நிதானமாக. "ஆனா குழாய் நட்டு லூஸ். ஆயில் பூரா வெளிய. எப்படி சார்?"

பல்செட் விட்டுக்கொடுக்கவில்லை. ஃபோர்மேன் பக்கம் விரலை நீட்டினான்.

"இவங்கதான் சார்! மாத்தும்போது சரியா முடுக்கல! திருட்டுத்தனமா செஞ்ச வேலை, அவசரத்துல செஞ்சிருக்காங்க! கொலைகாரப் பாவிங்க!"

ஃபோர்மேனின் முகம் வெளுத்தது. இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவினார்.

"நியாயமாத்தான் இருக்கு..."

பல்செட்டுக்கு உயிர் வந்தது.

"ஆமா சார்!" டீச்சர் வேகமாக முன்னால் வந்தாள். புருஷனுக்கு ஆதரவாகப் பேசக் கிடைத்த வாய்ப்பு! "இவர் சொல்றது நூத்துக்கு நூறு உண்மை. காலையில வண்டியை வெளிய எடுத்ததும் ஷெட் தரை ஈரமா இருந்துச்சு. மேனேஜர் எதுக்கெடுத்தாலும் ஆதாரம் கேப்பாரேன்னு போட்டோ பிடிச்சு வெச்சேன். இந்தாங்க சார்!"

இன்ஸ்பெக்டர் போனை வாங்கினார். தரையில் எண்ணெய்த் திட்டு. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"எண்ணெய் ஓரமா கிடக்கே... இது என்னம்மா?"

டீச்சர் எட்டிப் பார்த்தாள்.

"அதுவா... இவரோட இடுக்கி சார். பல்செட்டுக்குக் கம்பி வளைக்கிறது. எப்பவும் கடையிலதான் இருக்கும்... வீட்டுக்குக் கொண்டு வரவே..."

நிறுத்தினாள்.

குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு, காருக்கடியிலிருந்து அவசரமாய் வெளியே உருண்டபோது இடுக்கியை அங்கேயே விட்டுவிட்டது இப்போதுதான் பல்செட்டுக்கு ஞாபகம் வந்தது!

ஃபோர்மேன் மெல்ல வாயைத் திறந்தார். "சார்... நாங்க நட்டை ஸ்பானர்லதான் முடுக்குவோம். இடுக்கி போட்டா கடிச்ச தடம் விழும். அதுல தடம் இருக்கு சார். நான் பாத்தேன்."

டீச்சர் புருஷனைப் பார்த்தாள். கண்ணில் ஈரம் காய்ந்துவிட்டிருந்தது.

"போனை ஏன் எடுக்கல?" என்று கேட்டாள்.

அவன் சட்டையில் இருந்த பொடியைத் தட்டினான்.

"போன் அடிச்சது கேட்டுச்சு. இல்ல?"

அவன் இன்னும் பலமாகத் தட்டினான்.

"நான் சாகறேன்னு நெனச்சுதான்... அடிக்க விட்டுட்டு உக்காந்திருந்தீங்க?"

அவள் கையை ஓங்கினாள். பளார்! பொடி பறந்தது. அவன் கன்னத்தில் ஐந்து விரலும் சிவப்பாய்ப் பதிந்தன. அதன்பின் அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலருகே போய், மேனேஜரின் முகத்தைத் துணியால் மூடிவிட்டு வெளியே நடந்தாள்.

பல்செட் கதவைப் பார்த்தான். கதவில் ஒரு கான்ஸ்டபிள். ஜன்னலைப் பார்த்தான். கம்பி. கடைசியாய்க் கொஞ்சம் வீராப்பை வரவழைத்துக்கொண்டான்.

"எனக்கும் சட்டம் தெரியும் சார்! என்னைக் கைது பண்ண உங்ககிட்ட வாரண்ட் இருக்கா?"

க்ளிக்! விலங்கு பூட்டிக்கொண்டது.

"வாரண்ட் என்ன சார்..." இன்ஸ்பெக்டர் அவன் தோளில் அன்பாய்த் தட்டினார். "வாரண்டியே தர்றோம். ஆயுள் முழுக்க!"