இரண்டாவது பிளக்

மார்லிஸ் பெர்க் ஒரு லேப்டாப்பையும் காகித உறையில் இருந்த ஒரு சிடியையும் மேசைமேல் வைத்தாள். உட்காரச் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை.

"இத எனக்குத் திறந்து காட்டணும், ஆர்டிஸ். என் லேப்டாப்ல சிடி போடுற இடமே இல்ல. அதோட, என் கொழுந்தன் ராஜர் பொய் சொல்றானா இல்லையான்னும் எனக்குத் தெரியணும்."

தையல் மெஷின் கடையின் பின்னறையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது ஆர்டிஸ் ஹௌகனின் இப்போதைய தொழில். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் மாவட்டப் பிரேத விசாரணை அலுவலகத்தில் இருந்தவர். வடக்கு டகோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் கடைசியில் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். அதற்காகவே, ஏப்ரலில் ஓய்வு பெற்ற தபால்காரர் விர்ஜில் கோப் தினமும் காபியோடு அந்தப் பின்னறையில் ஆஜராகிவிடுவார்.

"உட்காரும்மா. முதல்லேர்ந்து சொல்லு" என்று விர்ஜில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மார்லிஸ் நின்றுகொண்டே சொன்னாள். அவள் கணவன் டுவைனைப் புதைத்துப் பதினோரு நாள் ஆகிறது. பிப்ரவரியில் தானியக் குதிரின் ஏணியிலிருந்து சறுக்கி விழுந்ததில் அவனுக்கு முதுகில் வலி. வலி விடாமல் இருக்கவே நகரத்துக்குப் போய் ஸ்கேன் எடுத்தான். படங்களைச் சிடியில் போட்டு, உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள் என்று கொடுத்தனுப்பினார்கள். ஊர் டாக்டரோ ஜனவரியிலேயே கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். டுவைன் சிடியைத் தம்பி ராஜரிடம் கொடுத்தான். ராஜர் மாட்டு டாக்டர். ஸ்கேன் படம் பார்க்கத் தெரிந்தவர்.

"பார்த்துட்டுச் சொல்றேன்னு வாங்கி வச்சுக்கிட்டான். அப்புறம் கேட்டா, 'எங்கிட்டயும் சிடி டிரைவ் இல்ல அண்ணி, வாங்கணும்'னான். கன்னு போடுற சீசன், மறந்துட்டான்னு நாங்களும் விட்டுட்டோம். முதுகுவலிக்கு மாத்திரை மட்டும் வாராவாரம் கொண்டுவந்து குடுத்தான்."

"எத்தனை மாத்திரை?" என்றார் ஆர்டிஸ்.

"முதல்ல நாளைக்கு ஒண்ணு. ஏப்ரல்ல நாலு. மே மாசம் ஏழு, எட்டு." மார்லிஸ் கைப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தாள். அதில் லேபிள் இல்லை. "அதப் போட்டுக்கிட்டுத்தான் டுவைன் தனியாளா மொத்த நிலத்தையும் விதைச்சு முடிச்சார். மே இருபத்தேழு கடைசி நாள். டிராக்டர்லேர்ந்து இறங்கும்போது விழுந்தவர்தான். ரெண்டே நாள். உடம்பு பூரா புற்றுநோய், எங்க ஆரம்பிச்சதுன்னே சொல்ல முடியலன்னாங்க ஆஸ்பத்திரியில."

"ராஜர் என்ன சொன்னார்?"

"அடக்கம் முடிஞ்ச நாலாம் நாள் புது டிரைவ் வாங்கி சிடியப் பார்த்தானாம். வீட்டுக்கு வந்து தரையில உட்கார்ந்து அழுதான். 'இடது சிறுநீரகத்துல இருந்துருக்கு அண்ணி, கீழ்நுனியில, கோழி முட்டை சைஸுக்கு. அன்னைக்கே ஒரு டிரைவ் வாங்கியிருந்தா அண்ணன் பொழைச்சிருப்பார்'னு தலையில அடிச்சுக்கிட்டான். சிடியத் திருப்பிக் குடுன்னு நாலு தடவை கேட்டு வாங்கினேன்." அவள் குரல் அப்போதும் உடையவில்லை. "நம்பணும்னுதான் இருக்கு. நம்ப முடியல."

ஆர்டிஸ் அலமாரியிலிருந்து ஒல்லியான ஒரு டிரைவை எடுத்தார். அதன் கேபிள் முனையில் இரண்டாகப் பிரிந்து இரண்டு பிளக்குகள் இருந்தன. விர்ஜிலுக்குப் பொறுக்கவில்லை. கேபிளைப் பிடுங்கி ஒரு பிளக்கை லேப்டாப்பில் சொருகிவிட்டார். டிரைவ் 'டிக்... டிக்...' என்று முனகியது. திரையில் எதுவும் வரவில்லை.

"செத்துப்போன டிரைவை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க, ஆர்டிஸ்?"

"அவசரக் குடுக்கை. ஒரு பிளக்ல வர்ற கரண்ட் இதச் சுத்தப் பத்தாது. அதுக்குத்தான் ரெண்டாவது. ரெண்டையும் சொருகு."

சொருகியதும் சிடி சர்ரென்று சுழன்றது. டுவைன் பெர்க்கின் பெயர், பிப்ரவரி பதினெட்டாம் தேதி, பிறகு சாம்பல் நிறத்தில் அவனுடைய உள்ளுடம்பு. ஆர்டிஸ் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"இடது சிறுநீரகம். கீழ்நுனி. கோழி முட்டை அளவு. ராஜர் சொன்னது சரிதான்."

"வேற எங்கயாவது?"

ஆர்டிஸ் படங்களை மறுபடி முதலிலிருந்து நகர்த்திப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அப்போ வேற எங்கயும் இல்ல. ஆனா நான் டாக்டர் இல்ல. தெரிஞ்ச ஒருத்தர்கிட்டக் காட்டிக் கேட்கிறேன்." பிறகு யோசனையோடு, "ஸ்கேன் எடுத்தா எழுதின அறிக்கை ஒண்ணு ஊர் டாக்டருக்குத் தபால்ல வருமே. அது எங்க போச்சு?"

விர்ஜில் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். கோப்பையைக் கீழே வைத்தார். பெரிய வெள்ளை உறை. பிப்ரவரிக் கடைசி. பனி முழங்கால் வரை. பூட்டிய கிளினிக் என்று தெரியும். திருப்பி அனுப்புவதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

"நான்தான்..." என்றார். "கதவிடுக்கு வழியா உள்ள தள்ளிட்டு வந்துட்டேன். இப்பவும் அங்கதான் தரையில கிடக்கும்."

மார்லிஸ் அவரைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும். அவள் திரும்பித் திரையிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

அன்று மதியம் ஆர்டிஸ் விர்ஜிலுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஊரில் இரவல் கொடுக்கிற சிடி டிரைவ் யார் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து வரவேண்டும். விர்ஜில் வழக்கமான உற்சாகம் இல்லாமல் போய், மூன்று மணிக்குத் திரும்பி வந்தார்.

"நூலகத்துல இருந்தது ரெண்டு வருஷமா ரிப்பேர். மீதி சர்ச் ஆபீஸ்ல ஒண்ணுதான். பிரசங்க சிடி கேட்கிறதுக்கு யார் கேட்டாலும் குடுப்பாங்களாம். புதுசு, நல்லா ஓடுது. இரவல் நோட்டு செயலாளரம்மா மேசையில பூட்டி இருக்கு. அவங்க நாளைக்குத்தான் வருவாங்க."

"அந்த டிரைவுக்கு எத்தனை பிளக்?"

"ஒண்ணு. ஏன்?"

"ராஜரைப் போய்ப் பார்ப்போம், வா. மார்லிஸையும் கூப்பிட்டுக்கலாம்."

ராஜர் பெர்க்கின் மாட்டு ஆஸ்பத்திரி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்தது. நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். விர்ஜிலின் கிழட்டு நாயைக் ஊசி போட்டுக் கடைசித் தூக்கத்தில் ஆழ்த்தியபோது காசு வாங்கவில்லை. மூவரையும் கண்டதும் எழுந்து வந்து மார்லிஸின் தோளைத் தொட்டார். அவள் விலகி நின்றாள்.

"அந்தப் படத்தப் பார்க்காதீங்கன்னு சொன்னேனே, அண்ணி. பார்த்து என்ன ஆகப்போகுது?"

"அவங்களுக்கு ஒரு தடவை பார்க்கணுமாம்" என்றார் ஆர்டிஸ் சாதாரணமாக. "படம் பார்த்து விளக்க நீங்க இருக்கீங்க. நீங்க அன்னைக்குப் பார்த்த மாதிரியே, அதே டிரைவ்ல போட்டுக் காட்டுங்களேன்."

ராஜர் தயங்கினார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தார். ரசீதும் உள்ளேயே இருந்தது, ஜூன் ஆறு. அதை அவர் எல்லோருக்கும் தெரியும்படி மேசைமேல் வைத்ததை விர்ஜில் கவனித்தார். டிரைவை எடுத்து, ஆர்டிஸ் நீட்டிய சிடியை அதில் போட்டு, கேபிளின் ஒரு பிளக்கைத் தன் லேப்டாப்பில் சொருகினார்.

டிக்... டிக்... டிக்.

"அன்னைக்கு ஓடுச்சே" என்றார். கழற்றி இன்னொரு துளையில் சொருகினார். டிக்... டிக். மூன்றாம் முறையும் அதேதான்.

"நான் பார்க்கலாமா?" ஆர்டிஸ் கேபிளைக் கையில் வாங்கித் தூக்கிப் பிடித்தார். அதன் இன்னொரு கிளை சுருட்டியபடி, தொழிற்சாலையில் முறுக்கிய கம்பியோடு, முனையில் பிளாஸ்டிக் மூடியோடு அப்படியே இருந்தது. கம்பியைப் பிரித்தார், மூடியைக் கழற்றினார், சொருகினார். சிடி சுழன்று திரையில் டுவைனின் பெயர் வந்தது.

"இந்த லேப்டாப்ல இந்த டிரைவ் இப்படித்தான் ஓடும், ராஜர். ரெண்டாவது பிளக்கை இதுவரைக்கும் யாரும் அவிழ்க்கவே இல்ல. ஜூன் ஆறாம் தேதி நீங்க எதையும் பார்க்கல. பார்க்க முயற்சிகூடப் பண்ணல. கையில ஒரு ரசீது இருக்கணும்னுதான் டிரைவையே வாங்கியிருக்கீங்க."

"இங்க வேற கம்ப்யூட்டர் இருக்கு, அதுல..."

"வரும்போதே பார்த்தேன். ரெண்டு இருக்கு, ரெண்டுலயும் சிடி போட இடம் இல்ல. ஆனா இடது பக்கம், கீழ்நுனி, கோழி முட்டைன்னு மார்லிஸ்கிட்டச் சொன்னது நீங்கதான். ஆஸ்பத்திரிக்கே தெரியாத விஷயம். சிடியப் பார்க்காம அது தெரிய வழியில்ல. இந்த டிரைவ்ல பார்க்கலன்னா வேற ஒண்ணுல பார்த்திருக்கீங்க. ஒரே ஒரு பிளக் இருக்கிற டிரைவ். அதனாலதான் ரெண்டாவது எதுக்குன்னு உங்களுக்குத் தோணவே இல்ல."

ராஜர் மேசைமேல் இருந்த ரசீதை எடுத்து இரண்டாக மடித்தார்.

"சர்ச்ல இரவல் நோட்டு வச்சிருக்காங்க. நாங்க இன்னும் பார்க்கல. நீங்களே சொல்றீங்களா, நாளைக்கு விர்ஜில் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

ராஜர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"பிப்ரவரி இருபத்தொண்ணு" என்றார்.

மார்லிஸ் ஓரடி முன்னால் வந்தாள்.

"அண்ணன் தெரிஞ்சா அன்னைக்கே நகரத்துக்குப் போயிருப்பார். ஆபரேஷன், அப்புறம் படுக்கை, ரெண்டு மூணு மாசம். விதைப்பு யார் பண்றது? எனக்குக் கன்னு சீசன். போன வருஷமும் ஆலங்கட்டி மழையில எல்லாம் போச்சு. இந்த வருஷமும் தரிசாப் போட்டா எங்க ரெண்டு பேர் நிலமும் கடன்ல கையவிட்டுப் போயிடும். மெதுவா வளர்ற கட்டின்னு நினைச்சேன், அண்ணி. விதைப்பு முடியட்டும், ஜூன்ல சொல்லிக்கலாம்னு... ஜூன் பத்துக்கு டாக்டர்கிட்ட நேரம்கூட வாங்கி வச்சிருந்தேன். சத்தியமா."

"மாத்திரை?" என்றார் ஆர்டிஸ்.

"குதிரைக்குக் குடுக்கிறது. வலியில உட்கார முடியலன்னார். உட்காரலன்னா டிராக்டர் எப்படி ஓட்டுவார்?"

சொல்லிவிட்டு அவனே அந்த வார்த்தைகளைக் கேட்டுத் திடுக்கிட்டவன் போல வாயைப் பொத்திக்கொண்டான்.

மார்லிஸ் ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கடையில் சொல்லியும் உட்காராதவள் இங்கே தானாகவே உட்கார்ந்தாள்.

"காட்டு" என்றாள்.

"அண்ணி..."

"எந்த இடம்னு விரலால தொட்டுக் காட்டு. நீ பார்த்தியே, அதே மாதிரி எனக்கும் காட்டு."

ராஜர் அழ ஆரம்பித்தான். அவள் காத்திருந்தாள். கடைசியில் அவன் விரல் திரையைத் தொட்டது.

"அடுத்த படம்" என்றாள்.

அப்படியே நாற்பது படங்கள். ஒவ்வொன்றிலும் அவனை விரல் வைக்கச் செய்தாள். இருபதாவது படத்தில் அவன் போதும் என்று கெஞ்சினான். "அவர் தொண்ணூறு நாள் அந்த வலியோட உட்கார்ந்தாருடா" என்றாள். விர்ஜிலால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. வெளியே போய்க் காரில் சாய்ந்து நின்றார். ராஜரை அறையவேண்டும் போல இருந்தது. அடுத்த கணமே கிளினிக் கதவிடுக்கும் வெள்ளை உறையும் நினைவுக்கு வந்து கை தளர்ந்தது.

ஆர்டிஸ் வெளியே வந்து ஷெரீஃபுக்குப் போன் செய்தார். பாட்டிலைப் பற்றித்தான் சொன்னார்.

"அவ்வளவுதானா?" என்றார் விர்ஜில். "ஒரு மனுஷனச் சாகவிட்டிருக்கான். மாத்திரை குடுத்ததுக்குத்தான் கேஸா?"

"வாயத் திறக்காம இருந்தது எந்தச் சட்டத்துல வரும்னு வக்கீல்கள் அடிச்சுக்கட்டும். மாத்திரை கையில சிக்கின விஷயம். அதுல அவன் தொழிலே போயிடும்."

"உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டரைக் கேட்டீங்களா? பிப்ரவரிலயே கட்டிய எடுத்திருந்தா?"

"மத்தியானமே கேட்டேன். பத்துல ஒன்பது பேர் பொழைச்சுக்குவாங்களாம்."

"மார்லிஸ்கிட்டச் சொல்லப் போறீங்களா?"

"கேட்டா சொல்வேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மார்லிஸ் கேட்டாள். ஆர்டிஸ் சொன்னார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு விர்ஜில் அவளிடம் மன்னிப்புக் கேட்பதற்காகப் போனார். வீட்டில் யாரும் இல்லை. டிராக்டர் சத்தம் கேட்டு வயலோரம் நடந்தார். டுவைன் விதைத்த கோதுமை கணுக்கால் உயரம் பச்சைப் பசேலென்று வளர்ந்து நின்றது. மார்லிஸ் கலப்பையைப் பூட்டி அதை உழுது மண்ணோடு புரட்டிக்கொண்டிருந்தாள். விர்ஜில் கையை ஆட்டிக் கத்தினார். அவள் வண்டியை நிறுத்தவில்லை.

அந்த நிலத்தில் யாருடைய பாதி எது என்று அண்ணனும் தம்பியும் ஒருநாளும் பிரித்ததில்லை. அதனால் அவள் முழுவதையும் உழுதாள்.