பதிவு செய்யாத வலி

காலை ஆறு மணிக்குப் பவளக்கொடியும் அவள் கணவன் தணிகைவேலும் அன்றைய பசியைப் பதிவு செய்ய உட்கார்ந்தார்கள். நிலாவில் வெண்குடி என்ற அந்தக் குடியிருப்பில், அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் இதே வேலைதான்.

"ஏழரைக்குப் பசி, ராத்திரி பத்துக்குத் தூக்கம். வேற?" என்று தணிகைவேல் சுவர்த்திரையைத் தட்டினான்.

"எட்டு மணிக்குக் குழாய் ரிப்பேர்காரர் வர்றாரு. எனக்கு அஞ்சு நிமிஷம் கோபம் போடுங்க. போன தடவை சிரிச்சுப் பேசியே ஏமாத்திட்டாரு."

"பிரசவத்தன்னிக்கு உனக்கு எதுக்குக் கோபம்? என் பேர்ல போட்டுக்கறேன்." போட்டுக்கொண்டான். அதே கையோடு முக்கியமான பதிவையும் போட்டான்: பிரசவம், காலை பத்தரை. இரண்டு வீட்டாரும் கூடி, பஞ்சாங்கம் பார்த்துக் குறித்த நேரம் அது.

வெண்குடியில் பிறக்கும் குழந்தையை நாற்பதாம் நாள் தாய்மாமன் மடியில் கிடத்தி, தோள்பட்டைக்குக் கீழே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு சுரப்பானைப் பதிப்பார்கள். சீர்வரிசை, விருந்து எல்லாம் உண்டு. அதன்பிறகு இன்சுலின், அட்ரினலின், தைராய்டு எல்லாம், காலையில் பதிந்தபடி அந்தக் கொட்டை கொடுப்பதுதான். ஹார்மோன் வெளியிலிருந்து தாராளமாக வந்தால் உடம்பின் சொந்தச் சுரப்பிகள், நமக்கென்ன வந்தது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தங்களுக்குள் அப்படி ஒன்று இருப்பதே பலருக்கு மறந்து போயிருந்தது.

பத்தரை மணி. மருத்துவமனையில் டாக்டர் ஜெபசெல்வி கையுறையோடு தயாராக நின்றாள். பவளக்கொடிக்கு ஒன்றும் நடக்கவில்லை. தணிகைவேலுக்கு நடந்தது.

"நீங்க எவ்ளோ நல்லவங்க டாக்டர்!" என்று அவன் தேம்பினான். தரை துடைக்கும் இயந்திரனைக் கட்டிக்கொண்டு, "உனக்கு யாருடா இருக்காங்க?" என்று கேட்டான். டாக்டர் பதறிப்போய்ப் பட்டியலைத் திறந்து பார்த்தாள்.

"சார், பிரசவத்தையும் உங்க பேர்லயே போட்டிருக்கீங்க! பிரசவ வலியும் பாசமும் தர்ற ஆக்ஸிடோசின் அவ்வளவும் உங்க உடம்புல ஏறிடுச்சு. ஒரு பிரசவத்துக்கு ஒரு ஒதுக்கீடுதான். அடுத்தது பூமியிலேருந்து வர இருபது நாள் ஆகும்."

இருபது நாள்! நாள் நிறைந்த பிள்ளை அதுவரை உள்ளே தாங்குமா? பவளக்கொடிக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயத்தை அவள் பதியவே இல்லை. பதியாத பயம் எங்கிருந்து வருகிறது என்று நினைத்தபோது இன்னும் பயமாக இருந்தது. கணவனைத் திட்டவும் முடியவில்லை, அன்றைய கோபம் முழுவதும் அவன் பெயரில் போயிருந்தது.

அப்போதுதான் இடுப்பைச் சுற்றி எதுவோ இறுக்கிப் பிடித்தது.

"டாக்டர், வலிக்குது."

டாக்டர் திரையைப் பார்த்தாள். "இல்லம்மா, உங்களுக்கு வலிக்கல. பூஜ்யம்னு காட்டுது."

மறுபடி இறுக்கியது, முன்னைவிட அதிகமாக. "ஐயோ, வலிக்குதுங்கறேன்! திரையை விட்டுட்டு என்னைப் பாருங்க!"

டாக்டர் முதன்முறையாக அவளைப் பார்த்தாள். வயிற்றில் கை வைத்தாள். டாக்டரின் முகத்தில் இருந்த கவலை ஓடியே போயிற்று.

"தானா சுரக்குது! பிள்ளை கீழே அழுத்த அழுத்த, மூளைக்கு அடியில இருக்கிற சுரப்பி ஆக்ஸிடோசினை விடுது. அது விட விட, பிள்ளை இன்னும் அழுத்துது! பழைய பாடத்துல ஒரு வரி படிச்சிருக்கேன், கண்ணால பாப்பேன்னு நினைக்கவே இல்ல!" என்று கத்தினாள். ஐந்து வார்டுகளிலிருந்து நர்சுகள் ஓடிவந்து வாசலை அடைத்துக்கொண்டார்கள். "விடாதீங்க, முக்குங்க!" என்று முன்பின் தெரியாதவர்கள்கூடக் கத்தினார்கள். பன்னிரண்டு பத்துக்கு ஒரு பெண் குழந்தை வீறிட்டுக்கொண்டு வெளியே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தணிகைவேல் எல்லோரையும் முத்தமிட வந்ததால் அவனை வெளியே உட்கார வைத்தார்கள்.

"யார் டாக்டர் ஆரம்பிச்சது?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள் பவளக்கொடி.

"உங்க பொண்ணுதான்! அவளுக்கு இன்னும் சுரப்பான் பதிக்கலையே, சுரப்பியெல்லாம் முழிச்சுக்கிட்டு இருக்கு. நேரமாச்சுன்னு சொல்லியிருக்கா. உங்க உடம்பும் காது கொடுத்துக் கேட்டிருக்கு."

வெண்குடி முழுவதும் அன்று இதே பேச்சு. மாலையில் கூட்டம் கலைந்ததும் குழந்தை லேசாகச் சிணுங்கியது. அந்தச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் பவளக்கொடிக்குப் பால் சுரந்து சேலை நனைந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இனி உயிரே போனாலும் இவளைக் கீழே வைக்கக் கூடாது என்று தோன்றியது. கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவள் சுவர்த்திரையைப் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது.

"ஏங்க, என் பேருக்கு நேரா பாசம் பூஜ்யம்னு காட்டுதே."

"அட, ஆமா," என்றான் தணிகைவேல். அவனுக்கு இப்போது மருந்து இறங்கியிருந்தது.

"பாவங்க இந்தப் பிள்ளை. நாளைக்குக் காலையில ஏழரைக்கு எனக்கு அரை மணி நேரம் பாசம் பதிஞ்சு வைங்க. பேரைப் பாத்துப் போடுங்க. அப்படியே நாப்பதாம் நாள் விழாவுக்கு என் தம்பிகிட்டயும் சொல்லிடுங்க."

தணிகைவேல் இரண்டு தடவை பெயரைச் சரிபார்த்துப் பதிந்தான். குழந்தைக்கு அப்போதே பசித்தது. யாரையும் கேட்காமல் குடிக்கத் தொடங்கியது.