களிமண்ணுக்குள் ஏழாவது ஆள்

பாகர் இயந்திரத்தின் வாளியைக் கவிழ்த்தபோது மண் விழவில்லை.

சோதிலிங்கம் லீவரை முன்னும் பின்னும் ஆட்டி உதறினார். டுசல்டோர்ஃபுக்கு வெளியே, போன வருடம் வரை சீனிக்கிழங்கு விளைந்த நிலம். இப்போது வீடுகளுக்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். ஒட்டுகிற களிதான். ஆனால் முப்பது வருடமாக மண் தோண்டும் பாகர் ஓட்டுகிற அவருக்கு, இரண்டு உதறலில் விழாத களி இதுவரை அகப்பட்டதில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தார். வாளியின் பற்களுக்கு இடையில், நீலச்சாம்பல் நிறக் களியோடு வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. கையுறையால் வழித்தார். வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு வந்தது. பழைய சவர்க்காரமும் புளித்த பாற்கட்டியும் கலந்த நாற்றம், அதற்கு அடியில் மெல்லியதாகப் பெற்றோல் மணம். அது மூக்கோடு நிற்காமல் தொண்டைக்குள் இறங்கி, நாக்கின் அடியில் ஒரு படலமாகப் படிந்தது.

“தொடாதேங்கோ அங்கிள்!”

அஜிதா சப்பாத்துகள் சேற்றில் புதையப் புதைய ஓடி வந்தாள். ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தொல்பொருள் அலுவலகத்தில் வேலை. நாலு மீட்டர் ஆழத்தில் நெளிந்த அலுமினியத் தகடுகள் கிளம்பியதும் அலுவலகம் அவளை அனுப்பியிருந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து நான்கில் தலைகுப்புற விழுந்த ஆங்கிலேயக் குண்டுவீச்சு விமானம். அதில் ஏழு பேர் வந்தார்கள். ஆறு பேரை அந்த வாரமே எடுத்துப் புதைத்துவிட்டார்கள்.

“இது என்ன பிள்ளை, கொழுப்போ?”

“ஓம். ஆளின்ரை கொழுப்புத்தான். காத்துப் போகாத களிக்குள்ள கிடந்தா உடம்பு உக்காது அங்கிள். மெழுகாப் போயிடும். எண்பது வருஷமெண்டாலும் அப்பிடியே கிடக்கும்.” அவள் சிறு கரண்டியால் அதைச் சுரண்டி ஒரு பெட்டியில் சேர்த்தாள். “ஏழாவது ஆளெண்டு நினைக்கிறன். விமானத்தின்ரை மூக்குப் பக்கத்தில குப்புறப் படுத்திருந்து குண்டை விடுறவர். இருபது வயசு. தங்கச்சி இங்கிலாந்தில இருக்கிறா, தொண்ணூற்றொரு வயசு. சாகமுதல் ஒரு எலும்பெண்டாலும் தாங்கோ எண்டு கடிதம் போட்டிருக்கிறா.”

குண்டை விடுறவர். அந்த ஒரு சொல்தான் சோதிலிங்கத்தின் காதில் நின்றது. தொண்ணூறாம் ஆண்டு ஊரில் குண்டுபோடும் பொம்மர் வந்து போன பிறகு, பங்கருக்குள் இருந்த தங்கையையும் அவளுடைய மூன்று மாதக் குழந்தையையும் வெளியே எடுத்தவர் அவர். இரண்டு பேரையும் ஒரே பாயில் சுற்றினார்கள். பாய் பெரிதாக இருந்தது. அன்று மேலே இருந்தவனின் முகத்தை அவர் எவ்வளவோ முறை கற்பனை செய்து பார்த்திருக்கிறார். அது எப்போதும் வெள்ளையாக, கண் மூக்கு இல்லாமல்தான் வரும்.

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் குளித்தார். கமலாம்பிகை சோற்றைப் போட்டு, மேலே கத்தரிக்காய்க் குழம்பை விட்டாள். முதல் கவளத்தை வாயில் வைத்ததும் நாக்கின் அடியிலிருந்த படலம் இளகிப் பல்லிடுக்கெல்லாம் பரவியது. எழுந்து ஓடிக் குசினித் தொட்டிக்குள் சத்தி எடுத்தார்.

“உமக்கு மணக்கேல்லையே?”

“என்ன மணம்?” கமலாம்பிகை அவருடைய கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். “சவர்க்காரம்தான் மணக்குது. ரெண்டு நாள் லீவு எடுங்கோவன்.”

எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அஜிதா காருக்குள் இருந்து இங்கிலாந்துக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். கிழவிக்குக் காது கேட்காது போல, மூடிய கண்ணாடிக்கு வெளியேயும் அவளுடைய உரத்த குரல் கேட்டது. சோதிலிங்கம் வாளியை மெல்ல உயர்த்தினார். வாளிக்குள் இருந்த களி இரண்டாகப் பிளந்தது.

தலையும் ஒரு தோளும். தோல் தொப்பியின் வார் தாடைக்குள் புதைந்து, இரு பக்கமும் மெழுகு மடிந்து தொங்கியது. இமைகள் மூடிய சவர்க்காரக் கட்டி. மழைத்துளிகள் கன்னத்தில் விழுந்து உருண்டன, உள்ளே ஊறவில்லை. கீழுதட்டில் சின்னப் பையன்களுக்கு இருப்பதுபோல் ஒரு பிதுக்கம். அந்தப் பிதுக்கம்தான் அவருக்குத் தாங்கவில்லை. எங்கட பிள்ளையை ஒரு பாய்க்குள்ள சுருட்டினம். இவனுக்குப் பெட்டி, பெயர் வெட்டின கல்லு, காத்திருக்கிற தங்கச்சி.

அவர் கை லீவரைத் தள்ளியது.

வாளி குழியின் வடக்கு மூலையில், ஒரு மீட்டர் ஆழத்தில் அதைக் கவிழ்த்தது. மேலே களியைப் போட்டார். வாளியின் முதுகால் அழுத்தினார். ஒரு தரம். இரண்டு தரம். மூன்றாம் தரம் அழுத்தியபோது, ஈரச் சாக்கை மிதித்ததுபோல் கீழே ஏதோ நெகிழ்ந்தது.

அஜிதா குடையோடு வந்தாள். “ஏதும் வந்ததோ அங்கிள்?”

“ஒண்டும் இல்லை.”

அவள் குழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அந்த அம்மா போனில அழுறா. என்ன சொல்லுறதெண்டே தெரியேல்லை.”

அவர் முகத்தைத் துடைத்தார். மழையென்று அவள் நினைத்திருப்பாள்.

இன்னும் இரண்டு நாள் கிழக்குப் பக்கம் தோண்டிவிட்டு, எடுத்ததையெல்லாம் நாலு பெட்டிக்குள் அடக்கிக்கொண்டு அஜிதா போய்விட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை கொங்கிரீட் போட நாள் குறித்திருந்தார்கள்.

திங்கட்கிழமை தேநீரில் ஒரு படலம் மிதந்தது. ஊற்றிவிட்டு வேறு போட்டார். அதிலும் மிதந்தது. செவ்வாய், கார் ஸ்டியரிங் வழுக்கியது. குளியலறைச் சுவர் ஓடுகளில் அவர் கை வைத்த இடமெல்லாம் மங்கலான வெள்ளைத் தடங்கள். கமலாம்பிகை துடைத்துக்கொண்டே, “எங்க போய் இந்தக் கிறீஸைப் பூசிக்கொண்டு வாறியள்?” என்று சலித்தாள். அவளுக்கும் தெரிகிறது என்பதே அவருக்குப் போதுமான பயமாக இருந்தது.

புதன்கிழமை வலது பெருவிரல் நகத்தடியில் வெள்ளையாக ஏதோ அடைந்திருந்தது. தீக்குச்சியால் கிளறினார். வந்தது. இன்னும் கிளறினார். இன்னும் வந்தது, பற்பசைக் குழாயிலிருந்து வருவதுபோல், முறியாமல். வலிக்கவில்லை. தீக்குச்சி பாதிக்கு மேல் நகத்தடியில் போயும் வலிக்கவில்லை. இரத்தம் இல்லை. குச்சியை இழுத்து எடுத்தபோது, புளித்த பாற்கட்டி மணம் குளியலறையை நிறைத்தது. அவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெறும் வயிற்றோடு ஓங்காளித்தார். விளிம்பில் அவருடைய விரல்கள் பதிந்திருந்தன. விளிம்பு குழியவில்லை. விரல்கள்தான் தட்டையாகியிருந்தன.

வியாழன் பின்னேரம் அஜிதாவுக்குத் தொலைபேசி எடுத்தார். அவள் எடுக்கவில்லை. குரல் பெட்டியில் பேசினார். “பிள்ளை, அவர் அங்கதான் கிடக்கிறார். வடக்கு மூலை. நான்தான் மூடினனான். நாளைக்குக் கொங்கிரீட் போட்டிடுவினம். நான் போய் எடுக்கிறன், நீங்கள் வாங்கோ.”

கார்த்திகை மாதம். ஐந்து மணிக்கே வயல் இருண்டுவிட்டது. தூரத்து நெடுஞ்சாலையில் கார்களின் இரைச்சல் ஒரே சீராக, கொதிக்கிற பானைபோல் கேட்டுக்கொண்டிருந்தது. அத்திவாரத்துக்குக் கம்பிகள் கட்டி முடித்திருந்தார்கள். வடக்கு மூலையில் மட்டும் வடிகாலுக்காக ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு இடைவெளி. காரின் முன்விளக்கைப் போட்டுவிட்டு, மண்வெட்டியோடு இறங்கினார். அந்த வெளிச்சம் அவருடைய இடுப்புக்கு மேலே கடந்து போனது. கீழே அவருடைய நிழல்தான் கிடந்தது.

வெட்டினார். களி உறிஞ்சிப் பிடித்துப் பிடித்து விட்டது. முழங்கால் அளவு. தொடை அளவு. நாற்றம் வரவில்லை. அதுதான் முதலில் பயமுறுத்தியது. அவ்வளவு நாளும் வீட்டில், காரில், சோற்றில் இருந்த நாற்றம் இங்கே இல்லை. அவரிடமிருந்து மட்டும்தான் வந்தது.

மண்வெட்டி மெத்தென்று எதிலோ இறங்கியது.

எறிந்துவிட்டுக் குனிந்தார். விரல்களால் வழித்தார். தோல் தொப்பி. நெற்றி. மூடிய இமை. அவர் வாளியால் அழுத்தியதில் மூக்கு ஒரு பக்கம் மடிந்திருந்தது. “வந்திட்டன் தம்பி,” என்றார். அப்படிச் சொல்வாரென்று அவரே நினைக்கவில்லை. “தங்கச்சியிட்ட அனுப்புறன். வாரும்.”

கன்னத்தின் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தார்.

கன்னம் சூடாக இருந்தது.

கையை இழுத்தார். வரவில்லை. அவருடைய உள்ளங்கை எது, அந்தக் கன்னம் எது என்று தெரியவில்லை. வெள்ளையும் வெள்ளையும் ஒட்டி, இழுக்க இழுக்க நீண்டது.

மேலே கார் வெளிச்சத்தில் அவருடைய மூச்சு ஆவியாக எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மெல்லியது. விட்டு விட்டு.

அவர் மூச்சை அடக்கினார்.

ஒரே ஓர் ஆவி எழுந்தது.

குனிந்து பார்த்தார். பார்க்காமல் இருக்க ஏலவில்லை. மடிந்த மூக்குக்குக் கீழே களி அசைந்தது. ஒரு துளை விழுந்தது. துளைக்குள் ஏதோ ஈரமாகப் புரண்டது. பிதுங்கிய கீழுதட்டின் மேலாக ஒரு நாக்கு வந்தது. வெளுத்தது. தடித்தது. வாய்க்குள் அவர் அடைத்த களியை வழித்து, வழித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. அவசரப்படவில்லை. கடைவாய்ப் பக்கம் ஒதுங்கியிருந்ததையும் தேடி எடுத்தது.

பேசுவதற்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தது.